கடற்கரை வெம்மையும் மலைக் குளிரும்

மொறோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் புத்தளத்தில் கரையிறங்கினார். மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று இங்கே தள்ளிவிட்டது. மரச்சுவர் சூழ்ந்த அச்சிற்றூரில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, வேண்டுவது யாதென வினவினான். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் பயணி. பல்லக்கும் அதனைச் சுமப்போரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் 4 பேரும், பிராமணர் 3 பேரும், பரிவாரத்தார் 10 பேரும் வழித்துணையாயினர். உணவு சுமக்க மட்டும் 15 பேர்! அரசனின் ஆடம்பரம் என்று இதனைக் கடந்து செல்வோர் உண்டு. உடலியல் அறிந்தோர் அவ்வாறு செல்லார்.

ஈரலும் தசையும் சேமித்துவைக்கும் மாச்சத்து, சுமையோடு நடக்கும் ஒரு நாளைக்கே போதாது. அது குன்றியதும் கொழுப்பு கரைகிறது. ஈரல் அதனைக் கீற்றோன்களாக மாற்றிக் குருதியில் விடுகிறது. நடக்கும்போது தசைகள் அவற்றை எரித்துவிடுகின்றன. நடை ஓய்ந்த பின்னரே அவை குருதியில் மிகுகின்றன. கோர்ட்டிஸ், டக்ளஸ் என்னும் ஆய்வாளர் 1936இல் இதனை விளக்கினர். சூழலின் வெப்பநிலையும் உடலின் நீர்நிலையும் இவ்விளைவை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் பாஸ்மோரும் ஜோன்சனும் 1958இல் ஆராய்ந்தனர்.

புத்தளக் கரையைவிட, 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையுச்சி ஏறத்தாழ 14 பாகை குளிர்ந்தது. நடுங்கும் உடல் வெப்பத்துக்காகவும் எரிபொருள் தேடும். கொழுப்பு இன்னும் விரைந்து கரையும். வயிறார உண்டவனிடம் இது பெரிதும் அடங்கிவிடும். ஆகவே அந்த 15 பேரின் சுமை, பல்லக்கில் இருந்தவரைவிட அதனைத் தோளில் தாங்கியோர்க்கே உயிர்நாடி. அவர்கள் பெயரைப் பயண நூல் கூறவில்லை.

கரையோர உப்பளங்களிலோ குளிரில்லை, வெயிலே உண்டு. நோன்பு மாதத்தில் உப்பு வாரும் தொழிலாளியின் குருதியிலும் மாலைக்குள் சிறிது கீற்றோன் தோன்றும். நலமுள்ளவனுக்கு அது தீங்கன்று. நோன்புக் கஞ்சி அருந்தியபின் தணியும். அவனை வாட்டுவது வியர்வையில் இழக்கும் நீரும் உப்புமே. உப்புக் குவியலின் நடுவே உடலில் உப்பு வற்றுவது விந்தைதான்!

இன்சுலினை நம்பி வாழும் நீரிழிவு நோயாளியின் நிலை முற்றிலும் வேறு. இன்சுலின் குன்றினால் கீற்றோன்கள் கட்டுமீறிப் பெருகிக் குருதியின் அமிலத்தன்மையை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். வாந்தி, ஆழ்ந்த மூச்சிரைப்பு, மூச்சிலே பழவாடை என்பன அதன் அடையாளங்கள். கடும் வெயில் உடல் நீரை வற்றச்செய்து அந்நிலையை முற்றவைக்கும். 1922இல் இன்சுலின் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்படும்வரை, இவ்வாறு வீழ்ந்தோர் பெரும்பாலும் மாண்டனர்.