120 அடி பிறந்த கதை

ஆடி மாதம் பிறந்தால் அஸ்தம்பட்டி டீக்கடைகளில் பேப்பரைப் புரட்டுகிற கண் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான். 'இன்னிக்கு எத்தனை அடி?' என்றால் போதும், எதன் அடி என்று சேலத்தில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 120 தொட்டுவிட்டால் ஊருக்கே சந்தோஷம். அந்த 120 பிறப்பதற்குள் இரண்டு அரசுகள் மோதிக்கொண்டன, ஊர்கள் தண்ணீருக்குள் போயின.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியை நம்பிப் பயிர் செய்வது தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து, கொள்ளிடம் வழியாக வீணே கடலுக்குப் போனது. மழை விட்டதும் இளைத்தது. நட்ட வயல் வெடித்தது. வெள்ளத்தை வழியிலேயே மடக்கித் தேக்க வேண்டும். 1910-ல் கர்னல் எல்லிஸ் என்ற பொறியாளர் அதற்குத் திட்டம் போட்டார். அவர் கைகாட்டியது சேலம் ஜில்லாவில், பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே ஆறு ஒடுங்கி ஓடிய இடுக்கை. மைசூர் குறுக்கே வந்தது.

ஆற்றின் மேற்பகுதியில், மைசூர் சமஸ்தானத்துக் கண்ணம்பாடியில் விசுவேசுவரய்யாவின் அணை அப்போதுதான் எழத் தொடங்கியிருந்தது. முதல் கட்டமாக மைசூருக்குக் கிடைத்த அனுமதி 11 டி.எம்.சி. தேக்க மட்டும், அஸ்திவாரமோ 41 டி.எம்.சி.க்குத் தோதாக விழுந்தது. சென்னை கொதித்தது. நடுவராக வந்த கிரிஃபின் 1914-ல் சொன்ன தீர்ப்பு மைசூர் பக்கம் சாய்ந்தது. இந்திய அரசும் அதை ஏற்க, சென்னை லண்டன் வரை முறையிட்டது. எல்லிஸின் திட்டம் காகிதத்திலேயே வயதாகிக்கொண்டிருந்தது. ஒருவழியாக 1924 பிப்ரவரி 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது: கண்ணம்பாடி எழலாம், சென்னையும் 93.5 டி.எம்.சி. தேக்கலாம். இனி வேலையைத் தொடங்க வேண்டியதுதான் என்றிருந்தபோது, ஆறு முந்திக்கொண்டது.

அந்த ஜூலையில், மலையாள நாட்டை மூழ்கடித்து 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று பேர் வாங்கிய அதே மழை, காவிரியையும் பொங்க வைத்தது. நொடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் அந்த மலை இடுக்கில் பாய்ந்தது. டெல்டாவில் கரைகள் உடைந்தன. பயங்கரத்துக்குள்ளே ஓர் அதிர்ஷ்டம் இருந்தது: அணையில் ஒரு கல்கூட வைத்திருக்கவில்லை. பாதிச் சுவர் எழுந்திருந்த நேரத்தில் அது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

அந்த வெள்ளமே வடிவமைப்புக்கு அளவுகோல் ஆனது. மிஞ்சி வரும் தண்ணீர் பெரிய சுவரின் தலைமேல் ஏறக் கூடாது. பக்கத்திலேயே அதற்குத் தனி வழி வேண்டும். இடது கரையில் நிலம் தாழ்ந்திருந்த பள்ளத்தில் பதினாறு கண் மதகு வந்தது. ஒவ்வொரு கண்ணிலும் 60 அடி அகலம், 20 அடி உயரத்துக்கு இரும்பு ஷட்டர். அதற்கு எல்லிஸின் பெயரையே வைத்தார்கள்.

1925 ஜூலை 20-ல் வேலை தொடங்கியது. ஒன்பது ஆண்டுகளில் 5,300 அடி நீளத்துக்கு, அஸ்திவாரத்திலிருந்து 214 அடி உயரத்துக்குச் சுவர் எழுந்தது. சுவர் உயர உயர, பண்ணவாடி, சாம்பள்ளி, நாயம்பாடி போன்ற ஊர்களின் மக்கள் மூட்டை கட்டினார்கள். பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயிலை நந்தியோடும், மாதாகோயிலை இரட்டைக் கோபுரத்தோடும் விட்டுப் போக நேர்ந்தது.

1934 ஆகஸ்ட் 21-ல் கவர்னர் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரைப் பெற்றது. ஆனால் மக்கள் வாயில் நின்றது, பக்கத்திலிருந்த சின்ன கிராமத்தின் பெயர்: மேட்டூர். பேப்பரில் தேடப்படுகிற 120, அந்தத் தேக்கம் நிரம்பும்போது அடிக்கணக்கில் சொல்லப்படும் நீர்மட்டம்.

தண்ணீர் தஞ்சாவூருக்குப் போனது. கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புன்செயையும் நனைத்தது. மண்ணைக் கொடுத்த சேலமோ காத்திருந்தது. இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான். 1955-ல்தான் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் வந்தன. இன்றைய சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு மேட்டூர்த் தண்ணீர் பாய வழி பிறந்தது.