ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ் அறுத்த கைகள்

சென்னை மெரினாவை ஒட்டி நிற்கும் விவேகானந்தர் இல்லத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1842-இல் அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் கட்டியது அது. அங்கே இறங்கிய ஐஸ், பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் உறைந்தது. உலகைப் பாதி சுற்றி வரும் சரக்கு வழியில் கரைந்துவிடாமலிருக்கத் தனிக் கலையே வளர்ந்தது. 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட டஸ்கனி கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதம் கழித்துச் சுமார் 100 டன் பத்திரமாகக் கரை சேர்ந்தது. கட்டிகளைச் சுற்றி மரத்தூள் பொதிவது பிறகு வழக்கமானது.

கட்டிக்குக் கிடைத்த அந்தக் கவனம், அதை அறுத்த கைகளுக்குக் கிடைக்க வெகுகாலம் ஆனது.

1825 வாக்கில் நதானியேல் வைத் என்பவர், குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கினார். அது உறைந்த குளத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு கிழிக்கும். மிச்ச வேலை மனிதர்களுக்கு. ரம்பத்தால் அறுப்பது, கடப்பாரையால் பிளப்பது, நீண்ட கழியால் தண்ணீரில் தள்ளிச் செல்வது, இரும்பு இடுக்கியால் பிடித்து மேலே ஏற்றுவது.

1846–47 குளிர்காலத்தில் பாஸ்டன் பக்கத்து வால்டன் குளத்தில் இந்த வேலை நடந்தபோது, கரையில் குடிசை போட்டிருந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ நேரில் பார்த்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நூறு பேர் தினமும் வந்தார்கள். நல்ல நாளில் ஆயிரம் டன் எடுத்தார்கள். சில சமயம் விரிசலில் வழுக்கித் தண்ணீருக்குள் போன கூலியாள், உடல் விறைத்துப்போய் தோரோவின் வீட்டு அடுப்பருகே தஞ்சம் புகுந்ததையும் அவர் எழுதிவைத்தார். சென்னையில் யாரோ இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கப்போவதை நினைத்து வியந்தவரும் அவரே. அந்த அடுப்பு தற்செயலாக அங்கே இருந்தது. வேலை கொடுத்தவர் வைத்ததல்ல.

குளிர்ந்த பொருளைத் தொடும்போது நேரும் காயத்தில் பெரிய ஆபத்து, அது வலிக்காமல் போவதுதான். முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றதும் கை பழகிவிட்டது என்று தோன்றும்; உண்மையில் அப்போதுதான் தோல் உறையத் தொடங்கியிருக்கலாம். இரும்பு, மரத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கையின் சூட்டை உறிஞ்சும். கையுறை நனைந்தாலோ, அது காக்கும் வேலையை விட்டுவிடும். கடுங்குளிர் இரும்பில் ஒட்டிக்கொண்ட ஈரக்கையைப் பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித்தான் விடுவிக்க வேண்டும்.

அன்றைய வைத்தியம் இன்னும் கொடுமை. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, 1812 ரஷ்யப் படையெடுப்பில், விறைத்த கைகால்களை நெருப்பில் காட்டிய வீரர்களுக்குத் தசை அழுகியதைக் கண்டார். மரத்த கைக்கு நெருப்பு சுடுவது தெரியாது. நெருப்பில் காய்ந்த கை மறுநாள் நடையில் திரும்ப உறைந்தால் சேதம் இரட்டிப்பாகும். லாரேயோ சூட்டையே குற்றவாளியாக்கி, பனியால் தேய்க்கச் சொன்னார். கூர்மையாகக் கவனித்தவர்தான், ஆனால் அந்த முடிவு நூறாண்டுக்கு மேல் எத்தனையோ விரல்களைப் பாழாக்கியது. அலாஸ்காவின் மருத்துவர் வில்லியம் மில்ஸ், சூடான தண்ணீரில் விரைவாக உருக வைப்பதே நல்லது என்று 1960-இல் தன் நோயாளிகளைக் கொண்டு காட்டினார். இன்றைய முறையில் தண்ணீரின் வெப்பம் 37 முதல் 39 டிகிரி, தேய்க்கவே கூடாது, திரும்ப உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்கவும் கூடாது.

1870-களில் எந்திர ஐஸ் வந்து, இந்தியாவுக்குக் குளத்து ஐஸ் கப்பலேறுவதை மெல்ல நிறுத்தியது. அதன்பின் கைகளைத் தேடி வந்த குளிரோ இன்னும் கடுமையானது. உலர் ஐஸ் மைனஸ் 78 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196. நைட்ரஜனைக் கையாள்பவருக்குத் தளர்வான கையுறை வேண்டும், உள்ளே சிந்தினால் உடனே உதறிக் கழற்ற. அதே காரணத்துக்காகக் கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாரை உடைத்து அள்ளுகிறவருக்கும், ஐஸில் கிடந்த இறாலை உரிக்கிற பெண்ணுக்கும் தேவைப்படுபவை எளியவை: தண்ணீர் புகாத கையுறை, மாற்றிக்கொள்ள உலர்ந்த இன்னொரு ஜோடி, கை மரத்ததும் கூலி பிடிக்காமல் எழுந்து போக அனுமதி. இவற்றைக் கொடுப்பது முதலாளியின் கடமை. கேட்டுப் பெறும் சலுகையாக இருக்கக் கூடாது.