தீன்மார் யாருடைய அடி?

ஹைதராபாத்துக்குப் பிழைக்க வந்து பதினாலு வருஷம் ஆகிறது. பிள்ளையார் ஊர்வலம், போனாலு, மாப்பிள்ளை ஊர்வலம், எதுவானாலும் தெருவில் ஒரு அடி கேட்கும். கேட்டதும் கால் தானாக ஆடும். அதற்கு இங்கே தீன்மார் என்று பெயர். நம்ம ஊர் டப்பாங்குத்துக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போன வருஷம் பிள்ளையார் கரைப்பில் ஆடிக் களைத்து வந்த என் மகள், "அப்பா, இதை யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள். "ஏதோ தெலுங்குப் படத்துல வந்ததும்மா" என்று சொல்லிவிட்டேன். தப்பு. அந்தப் பெயரில் 2011-ல் ஒரு படம் வந்தது உண்மைதான். ஆனால் அடி அதைவிட ரொம்பப் பழசு.

தீன் மார் என்றால் மூன்று அடி. மர்ஃபா என்ற மேள வகையின் தாளம் அது. மர்ஃபாவை இங்கே கொண்டுவந்தவர்கள் நிஜாம் படையில் வேலை பார்த்த இரண்டு கூட்டத்தார். ஒன்று, ஏமன் நாட்டு ஹத்ரமாத்திலிருந்து வந்த அரபிகள். இங்கே அவர்களுக்குச் சாவுஷ் என்று பெயர். இன்னொன்று, கிழக்கு ஆப்பிரிக்காவை பூர்வீகமாகக் கொண்ட சித்திகள். இந்த நகரத்தில் ஏ.சி. கார்ட்ஸ் என்று ஒரு பேட்டை இருக்கிறது. ஏ.சி. என்றால் குளிர்சாதனம் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்! ஆப்பிரிக்கன் கேவல்ரி, அதாவது நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை இருந்த இடம். சாவுஷ்கள் வாழும் பார்கஸ், பாரக்ஸ் என்ற ஆங்கிலச் சொல் மருவி வந்த பெயர்.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்தது. அதே மாதம் நிஜாமின் படை சரணடைந்தது. பிறகு அந்தப் படையே கலைக்கப்பட்டது. சம்பளம் போன குடும்பங்கள் பல. கையில் மிஞ்சியது மேளம். அவர்களுடைய கல்யாணங்களில் கத்தியும் கம்பும் சுழற்றி ஆடிய ஆட்டத்தின் தாளம், கூலிக்கு ஊரெல்லாம் போனது. இன்று பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் அதே அடிதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. கார்ட்ஸ் பக்கம் போனேன். ஒரு பெரியவர் மேளத்தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். "சாச்சா, இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றேன். "மாமா அடிக்கும்போது பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்" என்றார். எழுதி வைத்த பாடம் எதுவும் கிடையாது. "இப்ப டிஜே பெட்டியிலேயே எங்க அடி வந்துடுது சாப். அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிடணும்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்று கற்கிற கலை இது. கச்சேரிக்கு அழைப்பு இல்லையென்றால் பையன்கள் நிற்க இடம் ஏது? அடி மட்டும் பெட்டியில் இருக்கும், அடிக்கிற கை இருக்காது.

அந்தத் தோல் காயும் வாசனையில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. தாத்தா செத்தபோது எங்கள் வாசலில் தப்படித்தவர்களும் இப்படித்தான் வைக்கோலைக் கொளுத்திச் சூடேற்றினார்கள். எனக்குப் பத்து வயது. ஆசையாகக் கிட்டப் போனேன். "அங்கெல்லாம் நிக்கக்கூடாது" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர்கள் பெயர்கூட இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ ஊர்க்காரர்களின் மேளத்துக்கு வரலாறு தேடி அலைகிறேன், எங்கள் தெரு மேளத்தை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

மகளிடம் சரியான பதிலைச் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் பிள்ளையார் ஊர்வலத்துக்கு டிஜே வேண்டாம், சாச்சாவைக் கூப்பிடலாம் என்று குடியிருப்புக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்தத் தெருவுக்கும் போக வேண்டும், மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் எவ்வளவு கிட்ட வேண்டுமானாலும் நிற்கட்டும்.