எண்ணே சான்றாதல்: காட்சித்திரை இடைமுகங்களின் இணக்கச் சோதனையும் வடசென்னைத் துறைமுக வாயிலும்

ஆய்வுச்சுருக்கம்

மின்னணுக் காட்சித்திரைகள் இருவகை இணக்கச் சோதனைகளுக்கு உட்படுகின்றன. ஒன்று, அரசு கட்டாயமாக்கிய மின்பாதுகாப்புச் சோதனை. மற்றொன்று, இடைமுகத்தின் சமிக்ஞைச் செம்மையை அளக்கும் தனியார் கூட்டமைப்பின் சோதனை. இவ்விரண்டும் தனித்தனியே வளர்ந்த வரலாற்றையும், திருவொற்றியூர் வழியே நகரும் இறக்குமதிச் சரக்கில் அவற்றின் முடிவுகள் ஒரு பதிவெண்ணாகவோ குறியாகவோ மட்டுமே வந்துசேர்வதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இணக்கச் சோதனை, காட்சித்திரை இடைமுகம், தர நிர்ணயம், திருவொற்றியூர், சரக்குப் பெட்டகம்

முன்னுரை

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியின் தொழில் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே அறியப்படுகிறது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. இத்தகைய ஆலைகளில் வண்டி உருவான வளாகத்திலேயே அதன் இறுதிச் சோதனையும் நடந்தது. செய்தவரும் சோதித்தவரும் ஒரே வாயிலின் வழியே வேலைக்கு வந்தனர்.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதன்பின் இப்பகுதிக்கு மற்றொரு முகமும் உருவாயிற்று. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாயிலை நோக்கி நிற்கும் பெட்டக லாரிகளின் நெடுவரிசையும், மணலி, மாதவரம்வரை பரவிய சரக்குப் பெட்டக நிலையங்களும் அதன் அடையாளங்கள். இவ்வழியே செல்லும் இறக்குமதிக் காட்சித்திரை இங்கே செய்யப்பட்டதுமன்று, சோதிக்கப்பட்டதுமன்று. எனினும் அது நாட்டுக்குள் நுழையலாமா என்ற தீர்ப்பு இங்கேதான் நிறைவேறுகிறது. அத்தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

கண்ணின் தீர்ப்பும் கருவியின் தீர்ப்பும்

1987இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. இணைப்பு ஒப்புமைச் சமிக்ஞையைக் கொண்டது. கம்பி தரங்குறைந்தால் படம் மங்கும். எழுத்தின் ஓரத்தில் நிழல் படியும். குறை எவ்வளவு என்பதைப் பார்ப்பவர் கண்ணாலேயே ஓரளவு அறியலாம்.

1999இல் டி.வி.ஐ. இணைப்பும், 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் முதற் பதிப்பும் வெளிவந்தபோது இந்நிலை மாறியது. எண்முறைச் சமிக்ஞையில் பிழை ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை படம் குறையின்றித் தெரியும். எல்லையைக் கடந்தவுடன் புள்ளிகள் சிதறும், அல்லது திரை முற்றிலும் இருண்டுவிடும். ஆகவே நன்றாகத் தெரியும் படம், இணைப்பு நல்லது என்பதற்குச் சான்றாகாது. அந்த எல்லைக்கு இணைப்பு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை அளக்கக் கருவி தேவைப்பட்டது.

எச்.டி.எம்.ஐ. முதற் பதிப்பில் மூன்று தடங்களிலும் சேர்த்து உச்ச வேகம் வினாடிக்கு 4.95 கிகாபிட். அவ்வேகத்தில் ஒரு தடத்தில் ஒரு பிட் நிலைக்கும் நேரம் ஏறத்தாழ 0.6 நானோவினாடி. அலைகாட்டி இத்தகைய பிட்டுகளை மிகப் பல எண்ணிக்கையில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும்போது நடுவில் கண் போன்றதோர் இடைவெளி தோன்றும். பொறியாளர் இதனைக் கண் வரைபடம் என்பர். இடைவெளிக்குள் வரையறுக்கப்பட்ட பரப்பை அலைக்கோடு தொட்டால் அப்பொருள் தவறியதாகும். திரை தன் அளவையும் திறனையும் கணினிக்கு அறிவிக்கும் தரவுத் தொகுதியும் சோதிக்கப்படுகிறது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகளைக் கொண்டது. அவற்றின் கூட்டுத்தொகை 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

ஒவ்வொரு படத்தெளிவுக்கும், புதுப்பிப்பு வேகத்துக்கும், வண்ண ஆழத்துக்கும் இவ்வளவீடுகளைத் திரும்பத் திரும்பச் செய்வது கையால் இயலாத பணி. கணினி நிரல் கருவிகளை இயக்கி, அளவைப் பதிந்து, விதியோடு ஒப்பிட்டு, தேறியது அல்லது தவறியது என அறிக்கை தரும் தானியங்கிச் சோதனை இவ்வாறு இன்றியமையாததாயிற்று.

இச்சோதனையின் விதிகளை வகுத்தவை அரசுகள் அல்ல. உரிமம் வழங்கும் நிறுவனக் கூட்டமைப்பே. உரிமம் பெற்றவர் ஒவ்வொரு வகையிலும் தம் முதற் பொருளை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் தேறச் செய்ய வேண்டும். அடுத்து வருவனவற்றைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

அரசின் சோதனை

இந்தியாவில் தரக்குறியின் வரலாறு 1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனத்தோடு தொடங்குகிறது. அதன் பணியை 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றது. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் பிறப்பிக்கப்பட்டு, 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதற்கட்டத்தில் இடம்பெற்ற 15 பொருள் வகைகளில் 32 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள தொலைக்காட்சிகளும் காட்சித்திரைகளும் அடங்கும்.

கணினித் திரைகளுக்கு அப்போது பொருந்திய ஐ.எஸ். 13252 என்னும் தரம் மின்னதிர்ச்சி, தீ, வெப்பம் முதலிய இடர்களைப் பற்றியது. அமைவனம் ஏற்பளித்த இந்திய ஆய்வகத்தில் மாதிரி சோதிக்கப்பட்டு, அவ்வறிக்கையின் அடிப்படையில் தயாரிப்பு ஆலைக்குப் பதிவெண் வழங்கப்படுகிறது. படச் சமிக்ஞையின் செம்மையை இத்தரம் வினவுவதில்லை.

சென்னை நகரின் நில அமைப்பும் இங்கே கருதத்தக்கது. அமைவனத்தின் தென்மண்டல அலுவலகமும், மின்காந்த இடையூற்றை அளக்கும் சமீர் மையமும் தரமணியில் உள்ளன. மின்னணுச் சோதனை மற்றும் மேம்பாட்டு மையம் திருவான்மியூரில் உள்ளது. அளக்கும் கருவிகள் நகரின் தென்கோடியிலும், அளக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் சரக்கு வடகோடியிலும் அமைந்துள்ளன.

துறைமுக வாயிலில்

இந்தியச் சுங்கத் துறை 2005 முதல் இடர் மேலாண்மை முறையைப் பின்பற்றி வருகிறது. எந்தச் சரக்கைத் திறந்து பார்ப்பது என்பதைக் கணினி தேர்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெட்டகத்திலும் அலுவலர் திரையை இயக்கி அளப்பதில்லை. பொருளின்மேல் உள்ள பதிவெண், வணிகப் பெயர், மாதிரி எண், ஆலை முகவரி ஆகியன ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்பதே அவர் காண வேண்டியது. 2019இல் வெளியான அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிக்கை, பதிவில்லாச் சரக்கை இறக்குமதியாளர் திருப்பியனுப்ப வேண்டும் என்கிறது; தவறினால் சுங்கத் துறை அதனைப் பயன்படாதவாறு சிதைத்துக் கழிவாக அகற்றும்.

இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. உயர் படத்தெளிவில் அடிக்கடி இருளும் திரை, பதிவெண் இருந்தால் உள்ளே வரும். குறையின்றிப் படங்காட்டும் திரை, பதிவெண் இல்லையெனில் சிதைக்கப்படலாம். இடைமுகத்தின் வணிகக் குறியும் இவ்வாயிலில் அளவீட்டுச் சான்றாக நோக்கப்படுவதில்லை. 2007ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துரிமை அமலாக்க விதிகளின்கீழ், குறியின் உரிமையாளர் சுங்கத் துறையில் பதிந்திருந்தால் போலிச் சரக்கு தடுக்கப்படலாம். ஆனால் அங்கே எழும் வினா உரிமை பற்றியது, சமிக்ஞை பற்றியதன்று.

பதிவெண் ஒரு மாதிரியைப் பற்றியே பேசுகிறது. பெட்டகத்தில் உள்ள ஆயிரம் திரைகளும் அம்மாதிரியை ஒத்தவை என்பது நம்பிக்கை. சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்து மறுசோதனை செய்யும் கண்காணிப்பு முறை இருப்பதே, அந்நம்பிக்கையின் எல்லையை அரசும் உணர்ந்துள்ளதைக் காட்டுகிறது. ஆயினும் அக்கண்காணிப்பும் பாதுகாப்புத் தரத்தையே சார்ந்தது. சமிக்ஞைக் குறையின் சுமை இறுதியில் திரையை வாங்கியவர்மீதும், கருவியின்றிக் கம்பியை மாற்றி மாற்றிப் பார்க்கும் பழுதுநீக்குநர்மீதும் விழுகிறது.

முடிவுரை

எண்முறைச் சமிக்ஞை கண்ணின் தீர்ப்பைப் பயனற்றதாக்கியது. தானியங்கிக் கருவி அவ்விடத்தை நிரப்பியது. ஆனால் அதன் அறிக்கை சரக்கோடு பயணம் செய்வதில்லை. துறைமுகத்தை அடைவது அரசின் பதிவெண்ணும் கூட்டமைப்பின் குறியுமே. உயிர்ப் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்த அரசின் தேர்வு பொருத்தமானதே. ஆனால் ஒரு பொருள் தன் பணியைச் செய்கிறதா என்ற வினா தனியார் உரிம ஒப்பந்தத்துக்குள் நின்றுவிட்டது. ஆலைகளை மட்டுமே கருதும் வடசென்னை வரலாறு இம்மாற்றத்தைக் காணத் தவறும். சரக்குப் பெட்டக நிலையங்களையும், அங்கே பதிவெண்ணை ஒப்புநோக்கும் பணியையும் தொழில் வரலாற்றின் பகுதியாகக் கொள்வது, சோதனை எங்கே நடக்கிறது, யாருக்காக நடக்கிறது என்பதைத் தெளிவாக்கும்.