கலுகா: மரவீடும் விண்வெளி அருங்காட்சியகமும்

மாஸ்கோவுக்குத் தென்மேற்கே ஓகா ஆற்றங்கரையில் அமைந்துள்ள கலுகா நகரிலிருந்து எந்த ஏவூர்தியும் விண்வெளிக்குச் சென்றதில்லை. ஆயினும் உருசிய விண்வெளி வரலாற்றை நேரில் காண விழைவோர் தவறாமல் நாடும் நகரம் இது. 1892ஆம் ஆண்டு இங்குப் பணிமாற்றம் பெற்று வந்த பள்ளி ஆசிரியர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கியே (1857–1935) அதற்குக் காரணமாவார்.

சிறுவயதில் கண்ட காய்ச்சலால் செவித்திறனைப் பெரிதும் இழந்த அவர், பிறர் பேச்சைக் கேட்பதற்குத் தகரக் குழல்களைத் தாமே செய்துகொண்டார். 1904இல் ஆற்றையொட்டி அவர் வாங்கிய சிறிய மரவீட்டினுள் 1908ஆம் ஆண்டு வெள்ளம் புகுந்தது. கையெழுத்துப்படிகள் பல அழிந்தன. பின்னர் எழுப்பப்பட்ட மேல்தளத்தில் அவரது எழுத்தறையும் கடைசல் எந்திரம் கொண்ட பட்டறையும் அமைந்தன. ஏவூர்தியின் இறுதி வேகம், வெளியேறும் வளிமத்தின் வேகத்தையும், தொடக்க நிறைக்கும் எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் நிறைக்கும் இடையிலான விகிதத்தின் மடக்கையையும் பொறுத்தது என்னும் சமன்பாட்டை அவர் 1897இலேயே வகுத்திருந்தார். அதனை விளக்கும் கட்டுரை 1903இல் வெளிவந்தது. வெளியிட்ட இதழ் விரைவில் நின்றுபோனமையால், அதன் தொடர்ச்சி அச்சேற 1911 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

புரட்சிக்குப் பின்னரும் அரசு அவரை உடனே போற்றிவிடவில்லை. 1919இல் அவர் கைதுசெய்யப்பட்டு மாஸ்கோவில் சில வாரங்கள் சிறைவைக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அதே அரசு அவருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வழங்கியது. அவர் மறைந்த மறு ஆண்டில் (1936) மரவீட்டை அருங்காட்சியகமாக்கியது.

இன்று பயணிகளை முதலில் ஈர்ப்பது இவ்வீடன்று. பூங்காவை அடுத்துள்ள பெரிய அருங்காட்சியகமே. தம் விண்பயணம் முடிந்த இரண்டே மாதங்களில், 1961 சூன் 13 அன்று, யூரி ககாரின் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1967 அக்டோபர் 3 அன்று, அதாவது ஸ்புட்னிக்கின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாள், அது திறக்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் ஆர்வம் காட்டிய தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரொலியோவ் 1966 சனவரியிலேயே காலமாகிவிட்டார். வாழ்ந்தவரை அவர் பெயரையே அரசு மறைத்துவைத்திருந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

சியோல்கோவ்ஸ்கியின் கல்லறை, அருங்காட்சியகம், வஸ்தோக் ஏவூர்தி ஆகியன அருகருகே அமைந்திருப்பது, ஆசிரியரின் சமன்பாட்டிலிருந்து ககாரின் பயணம் வரை ஒரே நேர்க்கோடு செல்வதான தோற்றத்தைத் தருகிறது. வரலாறு அவ்வளவு நேரானதன்று. சோவியத்தின் நெடுந்தொலைவு ஏவூர்திப் பணி, போருக்குப்பின் செருமானிய வி-2 ஏவூர்தியைப் படியெடுத்தே தொடங்கியது. அந்தச் செருமானியரின் படையினரே 1941 இறுதியில் கலுகாவைக் கைப்பற்றியிருந்தபோது இம்மரவீட்டில் தங்கி அதனைப் பாழ்படுத்தினர்.

எனவே கலுகாவுக்குச் செல்வோர் மரவீட்டை முதலில் காண்பதே முறை. பட்டறையிலிருந்து கூரைக்குத் திறக்கும் சிறு கதவு ஒன்று அங்குள்ளது. விண்வெளிக்குச் செல்லும் கதவு என்று வீட்டார் அதனை வேடிக்கையாக அழைத்தனர்.