பாட்டிகளிடம் கேட்காமல் விட்ட வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. படித்து முடித்த பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வியாவது கேட்டீர்கள் என்றால், எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

எங்கள் வெலிங்டனைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரி பட்டாளத்தில்தான் தொடங்கும். 1852இல் பாரக்ஸ் கட்ட ஆரம்பித்தார்கள். ஜக்கதல்லா என்று ஆங்கிலேயர் எழுதிவந்த இடம், பிறகு வெலிங்டன் கோமகனின் பெயரைப் பெற்றது. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் ரயில் ஏறியது. இடையில் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை வந்தது. 1947இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும், முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரியும் இங்கே வந்து சேர்ந்தன.

இவை எல்லாமே உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜக்கதல்லா என்பது வெறும் பழைய பெயர் அல்ல. ஜெகதளா என்ற ஊர் இன்றும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள், வீடுகள் இருக்கின்றன, விழா நடக்கிறது. பாரக்ஸுக்குக் கல் சுமந்தபோதும் அந்த ஊர் இருந்தது. அன்று அந்த ஊரில் என்ன சமைத்தார்கள், என்ன விதைத்தார்கள், பக்கத்தில் பட்டாளம் வந்து உட்கார்ந்ததைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் கிடைப்பதே கஷ்டம்.

நீலகிரியைப் பற்றி எழுத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 1603இல் மலையேறி வந்த ஃபெனிசியோ பாதிரியார் முதல் எழுதியிருக்கிறார்கள். 1873இல் முதல் கமிஷனர் பிரீக்ஸின் புத்தகம் வந்தது. 1880இல் கிரிக் மாவட்டக் கையேடு எழுதினார். 1908இல் பிரான்சிஸின் கெசட்டியர் வந்தது. இவ்வளவு எழுதப்பட்ட மலை மாவட்டம் இந்தியாவிலேயே குறைவு. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள், பாதிரியார்கள், வெளிநாட்டு ஆய்வாளர்கள். வரி எவ்வளவு, தலை எத்தனை, சடங்கு எப்படி என்று கேட்டார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன என்று ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டவர்கள் மிகச் சிலர்.

உட்கார்ந்து கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எமனோ என்ற மொழியியல் அறிஞர் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். தோதவர், கோத்தர் மொழிகளைப் படிக்க இங்கே பல மாதங்கள் தங்கினார். கோத்தர் மொழிக்கு எழுத்து கிடையாது. சுல்லி என்ற கோத்தர் சொல்லச் சொல்ல, எமனோ எழுதிக்கொண்டார். நம் வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' நடத்துவோமே, அதே வேலைதான். அந்தக் கதைகள் 1944 முதல் 1946 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? அந்தச் சுல்லி ஒரு பள்ளி ஆசிரியர்! தன் ஜனங்களின் கதையை உலகத்துக்குச் சொன்னவர் நம் இனத்து ஆள் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

அதே நேரத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த நான்கு பாகங்களிலும் பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரின் குரல்தான். கோத்தர் பெண் ஒருத்தி சொல்லியிருந்தால் அதே ஊர் வேறு மாதிரி தெரிந்திருக்கும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் நமக்குக் கிடைப்பது அவருடைய ஊர். பலரிடம் கேட்டால்தான் ஊருடைய ஊர் கிடைக்கும்.

பணி ஓய்வுக்குப் பிறகு, நான் பாடம் எடுத்த ஹட்டிகளுக்கே திரும்பப் போய்ப் பெரியவர்களிடம் பேசி வருகிறேன். கையில் ஒரு நோட்டு, ஒரு சாதாரண செல்போன். பலரும் 80 வயதைத் தாண்டியவர்கள். அனுமதி கேட்காததால் பெயர்களை இங்கே எழுதவில்லை.

ஆண்களிடம் கேட்டால் முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்வார்கள். ராகி, சாமை, கோதுமை, பார்லி போட்ட காலம். முதல் விளைச்சலை வைத்துக் கொண்டாடும் தெவ்வ ஹப்பா. ஊர் நடுவில் இருக்கும் மந்தையில் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்ப்பது. கோத்தர் இரும்புச் சாமான் செய்து கொடுத்ததும், குறும்பர் தேன் கொண்டு வந்ததும், தோதவர் நெய் கொடுத்ததும், பதிலுக்குப் படகர் தானியம் அளந்து போட்டதும். இந்தக் கொடுக்கல் வாங்கல் 1930களிலேயே தளர ஆரம்பித்துவிட்டது. அதனால் இன்று இருக்கும் பெரியவர்கள் பலரும் அதைத் தங்கள் அப்பா, தாத்தா வாயால் கேட்டதாகத்தான் சொல்கிறார்கள். நேரில் பார்த்தவர்கள் ஏறக்குறைய முடிந்துபோனார்கள். நாம் வந்து சேர்ந்திருப்பது இரண்டாவது கைக்கு.

பிறகு உருளைக்கிழங்கு. பணம் பார்த்த பயிர் அது. 1961இல் கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு நீலகிரியில் கண்டறியப்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் புழு மலையின் விவசாயத்தையே அசைத்தது. அடுத்த ஆண்டு, 1962இல், குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. மெல்ல மெல்ல மேடெல்லாம் தேயிலை ஏறியது. 1990களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது, தானியமும் இல்லை, கிழங்கும் இல்லை, இலைக்கு விலையும் இல்லை என்று குடும்பங்கள் திண்டாடியதை நானே வகுப்பில் பார்த்தேன். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தாலே இலை விலை என்ன என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஆண்கள் சொன்ன வரிசை. "அந்தக் காலம் பொற்காலம் டீச்சர்" என்று முடிப்பார்கள்.

ஒரு பாட்டியிடம் இதை அப்படியே சொன்னேன். சிரித்தார். "பொற்காலம்னு சொல்றவங்க யாரும் ராகி அரைச்சதில்லை" என்றார்.

விடியுமுன் கல்லில் ராகி அரைக்க வேண்டும். பனியில் கால் விறைக்க ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வர வேண்டும். விறகுக்கு ஏற வேண்டும். பிறகு வயல். மாவு மில் வந்ததும் தோளிலிருந்து ஒரு மலை இறங்கியது போல இருந்தது என்று அந்தப் பாட்டி சொன்னார். ராகி ஏன் போயிற்று என்று ஆண்களைக் கேட்டால் விலை, புழு, அரசாங்கம் என்பார்கள். பெண்கள் சொன்ன காரணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அது போனதில் தங்களுக்கும் ஒரு நிம்மதி இருந்தது என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வரலாறு முழுசாகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். படகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மனின் பெயருக்கே பாட்டி என்றுதான் அர்த்தம். பாட்டியைத் தெய்வமாக வைத்து, வெள்ளை உடுத்தி, ஊர் ஊராக நடந்து விழா எடுக்கும் மண் இது. அந்த மண்ணில் வீட்டுக்குள் இருக்கும் பாட்டி சொல்வதை எழுதி வைக்க ஆள் இல்லை என்றால் அது பெரிய குறை அல்லவா?

வெலிங்டன் சுற்றுவட்டாரம் படகர் மட்டும் வாழும் இடம் அல்ல. பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள், கடை வைக்க வந்தவர்கள், தோட்டத்து வேலைக்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று எத்தனையோ பேர். இவர்களில் மிகவும் அவசரமாகக் கேட்க வேண்டியவர்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் என்பது என் எண்ணம். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டன. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அதைத்தான் இன்று டேன்டீ என்கிறோம்.

ஒப்பந்தம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது கையில் என்ன இருந்தது, எதை விட்டுவிட்டு வந்தார்கள், மண்டபம் முகாமில் முதல் ராத்திரி எப்படிப் போனது, வந்து இறங்கிய மலையில் 'சிலோன்காரங்க' என்று கூப்பிட்டபோது எப்படி இருந்தது என்பதெல்லாம் எந்த வரியிலும் இல்லை. அன்று 20 வயதில் வந்தவருக்கு இன்று 70, 75 ஆகிறது. லயம், கங்காணி, பிரட்டுக்களம் என்று அவர்கள் கொண்டுவந்த சொற்கள் கூட அவர்களோடு போய்விடும்.

"வயசானவங்க சொல்றதையெல்லாம் நம்ப முடியுமா சார், டீச்சர்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணிக்குப் போன ஆசிரியர்களுக்கு இதற்கு வழி தெரியும். பிறந்த வருஷம் தெரியாதவரிடம் "நீங்க பிறந்தது சுதந்திரத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று ஊருக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தை வைத்து வயதைக் கணிப்போம். அதையேதான் இங்கேயும் செய்ய வேண்டும். பைக்காரா மின்சாரம் 1932. குந்தா அணை வேலை 1956இல் ஆரம்பம். கனடா நாட்டுக்காரர்கள் வந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கிறது. கிழங்குப் புழு 1961. மரப்பாலத்தில் மண் சரிந்தது 1993 நவம்பர். "உங்களுக்குக் கல்யாணம் ஆனது குந்தா அணைக்கு முன்னாலயா?" என்று கேளுங்கள். டக்கென்று பதில் வரும்.

தேதி தவறலாம். ஆனால் எது வலித்தது, எது சந்தோஷம் கொடுத்தது என்பது அநேகமாகத் தவறாது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள்.

இது பெரிய ஆய்வாளர்கள் செய்யும் வேலை என்றும் நினைக்காதீர்கள். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை ஒரு காரியம் செய்தார்கள். சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் படித்த 50,000 பிள்ளைகள், தங்கள் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு, நோட்டில் எழுதி வந்தார்கள். கைவைத்தியம், விளையாட்டு, பஞ்ச காலக் கதை, ஊர்ப் பெயர்க் காரணம் எல்லாம். கட்டுரை நோட்டுதான்! திருத்தியவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்கள். இன்று அது அந்த நாட்டின் பொக்கிஷம். நம் தமிழ்நாட்டிலேயே கி.ராஜநாராயணன் இருந்தாரே! கரிசல் காட்டு ஜனங்கள் பேசிய சொல்லையெல்லாம் சேர்த்து 1982இல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். அதற்கு அவர் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கவில்லை. காது இருந்தது, பொறுமை இருந்தது.

ஆர்வம் உள்ளவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

1. "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்தது" என்று முடிந்துவிடும். "காலையில் முதலில் என்ன செய்வீங்க? அடுப்பு எங்க இருந்தது? மணி எப்படித் தெரியும்?" என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். மணி எப்படித் தெரியும் என்று கேட்டதில்தான் தொழிற்சாலைச் சங்கும் பாரக்ஸ் பியூகிளும் எனக்குக் கிடைத்தன. பட்டாளம் ஊரின் கடிகாரமாக இருந்திருக்கிறது!

2. அவர்கள் மொழியிலேயே பேச விடுங்கள். படகு மொழிக்குத் தனி எழுத்து இல்லை என்றால் என்ன, தமிழ் எழுத்தில் கேட்டபடி எழுதுங்கள். பிறகு அர்த்தம் எழுதிக்கொள்ளலாம்.

3. பாட்டியிடம் தனியாகப் பேசுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் பாட்டி பேச மாட்டார்.

4. அழுதால் நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொன்னதை எழுதாதீர்கள். வீடியோவை அனுமதி இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள்.

5. யார் சொன்னது, என்ன வயது, எந்த ஊர், என்ன தேதி என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். ஒரு நகலை அந்தக் குடும்பத்திடமே கொடுங்கள். அது அவர்கள் சொத்து.

இந்த மலையின் இளம்பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். நல்ல விஷயம்தான், போக வேண்டியதுதான். ஆனால் பண்டிகைக்கு வரும்போது அந்த இரண்டு நாளில் ஓர் அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். பாரக்ஸ் எங்கும் போகாது, 150 வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. அதன் வரலாற்றை அடுத்த வருஷமும் படித்துக்கொள்ளலாம். பாட்டிக்கு அடுத்த வருஷம் உறுதி கிடையாது.

உங்கள் வீட்டில் மணி எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நான் நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வெலிங்டன்.