ஊசியால் எழுதினவை

அம்மம்மாவிடம் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. மூடியில் இருந்த படம் அழிந்து துருப்பிடித்துவிட்டது. உள்ளே மேலாக நூல்கள், அதற்குக் கீழே பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது அம்மம்மா கையில் தூக்கியது இந்த ரின்னைத்தான். உறுதிக்காகத் தூக்கினீங்களா, நூலுக்காகவா எண்டு கேட்டால் "ரெண்டும் ஒண்டாத்தானே கிடந்தது" எண்டுதான் பதில் வரும்.

எங்கள் குடும்பத்தில் அந்த உறுதியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் போட்டோக் கொப்பி மூன்று நாடுகளில் இருக்கிறது. நூல்களுக்கு இடையில் நாலாக மடித்துக் கிடந்த துணியை நான் பார்த்தது போன வருசம்தான். பழுப்பேறிய வெள்ளைத் துணி, சிவப்பு நூலில் ஏ முதல் இசட் வரை ஆங்கில எழுத்து, ஒன்று முதல் பத்து வரை இலக்கம், ஒரு கோழி, அடியில் அம்மம்மாவின் பெயரின் முதலெழுத்துகள். அதுவும் ஆங்கிலத்தில்.

அந்த நேரம் வரலாற்று மூலங்கள் பற்றி ஒரு ஒப்படை செய்ய வேண்டியிருந்தது. தையல் துணியை மூலமாக எடுக்கலாமா எண்டு வகுப்பில் கேட்டேன். "அது மனையியல் பாடமெல்லோ" எண்டு பின்வாங்கிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு டச்சுக்காரரின் தோம்புகளைப் பற்றி எழுதிக் கொடுத்துப் புள்ளியும் எடுத்தேன். அன்றைக்குச் சிரித்தது இப்பவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தையலைப் பழகாமல் எழுதக்கூடாது எண்டு நினைத்தேன். குறொஸ் ஸ்டிச் பார்க்க மிகச் சுலபம். கட்டத்தின் கீழ் இடது மூலையில் ஊசி மேலே வரும், மேல் வலது மூலையில் இறங்கும். வரிசை முடியும் வரை இப்படி அரைத் தையலாகப் போய், திரும்பி வரும்போது மற்றக் காலைப் போட்டால் பெருக்கல் அடையாளம் வந்துவிடும். எல்லாத் தையலிலும் மேற்கால் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் அது தனியாகத் தெரியும். இதற்கென்று நெய்த எய்டா துணியில் பொதுவாக அங்குலத்துக்கு 14 கட்டம். நூல் ஆறு இழையாக வரும், அதில் இரண்டை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் சிக்கிப்போகும், ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஊசி மொட்டை முனை ஊசி. துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கோழியின் வால் துணிக்கு வெளியே போகும். எனக்குப் போனது.

அம்மம்மாவுக்கு இப்போது கண் அநேகமாகத் தெரியாது. நான் தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பக்கத்தை அவ தொடவேயில்லை. திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினா. "முடிச்சுப் போட்டிருக்கிறாய். நூலை இங்க இருந்து அங்க இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய். பிரி." முடிச்சுப் போடாமல், முதல் நாலைந்து தையலுக்குக் கீழே நூல் நுனியை மாட்டிவிட வேண்டுமாம். ரீச்சர் பின்பக்கத்துக்குத்தான் புள்ளி போடுவாவாம்.

பின்பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? இங்கேதான் வரலாறு தொடங்குகிறது.

எழுத்தும் இலக்கமும் தைத்த இந்த மாதிரித் துணிக்கு ஆங்கிலத்தில் சாம்ப்ளர் எண்டு பெயர். பிரித்தானியாவில் திகதி போட்டுத் தைத்தவற்றில் இன்று கிடைக்கும் மிகப் பழையது 1598இல் ஜேன் பொஸ்டொக் என்ற பெண் தைத்தது. லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1596இல் பிறந்த அலிஸ் லீ என்ற குழந்தையின் பிறப்பை அதில் தைத்திருக்கிறார். ஜே, யூ இரண்டும் அப்போது தனி எழுத்துகளாகப் பிரியாததால் அதன் நெடுங்கணக்கில் அவை இல்லை. இது வசதியான வீட்டுப் பெண்ணின் வேலை. பட்டு, வெள்ளிச் சரிகை, முத்துக்கூட உண்டு.

ஏழைச் சிறுமிகளின் சாம்ப்ளர் வேறு சாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் டசின் கணக்கில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துவாய். சலவைக்குப் போய் வந்தால் எது யாருடையது, எத்தனையாவது எண்டு தெரிய வேண்டும். எங்கட பக்கத்தில் சேங்கொட்டைச் சாற்றால் சலவைக் குறி போடுவார்கள். அங்கே சாயம் போகாத சிவப்பு நூலில் முதலெழுத்தும் இலக்கமும் சின்னதாகத் தைப்பார்கள். அந்தக் குறி போடத் தெரிந்த பிள்ளைக்கு வேலைக்காரியாக நல்ல இடம் கிடைக்கும். விரிப்பின் இரண்டு பக்கமும் கண்ணில் படும் எண்டபடியால் பின்பக்கமும் துப்பரவாக இருக்க வேண்டும். பிரிஸ்டல் நகரில் ஜோர்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லத்துச் சிறுமிகளின் சாம்ப்ளர்கள் இன்று சேகரிப்பாளர்களிடையே பெரிய விலை போகின்றன. வரிசை வரிசையாக, வேறு வேறு அளவில், சிவப்பில் நெடுங்கணக்கு. பிள்ளைகளின் கைவேலை எண்டு நாங்கள் ரசிக்கும் அது, உண்மையில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டும் சான்றிதழ். 1862இல் இங்கிலாந்தில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது.

இதில் இன்னொரு விசயம் ஒளிந்திருக்கிறது. ஏழைகளுக்கான தர்மப் பாடசாலைகள் பலவற்றில் பெண் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்காரிக்கு எழுத்து எதற்கு? ஆனால் குறி போட எழுத்து வேண்டும். ஆகவே பேனை பிடிக்கத் தெரியாத ஒரு பிள்ளைக்கு 26 எழுத்தும் ஊசியால் போடத் தெரியும். பாடசாலை நினைக்காத ஒன்றை அது கொடுத்துவிட்டது.

எலிசபெத் பார்க்கர் 1813இல் சசெக்ஸில், அஷ்பேர்ன்ஹாம் என்ற கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் நாட்கூலி. வீட்டில் நிறையப் பிள்ளைகள். பதின்மூன்று வயதளவில் வேலைக்குப் போனார். ஒரு வீட்டில் எசமான் செய்த கொடுமை சொல்லத் தரமற்றது. 1830ஐ ஒட்டிய காலத்தில் ஒரு லினன் துணியை எடுத்து, சிவப்புப் பட்டு நூலில், சின்னச் சின்னக் குறொஸ் ஸ்டிச்சாகத் தன் கதையைத் தைத்தார். பூ இல்லை, வீடு இல்லை, கோழி இல்லை, சுற்றி ஒரு கரைகூட இல்லை. வரிக்குப் பின் வரியாக எழுத்து மட்டும், 46 வரி. தனக்கு எழுதத் தெரியாததால் இப்படிச் சொல்வதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எழுதத் தெரியாது எண்டு எழுதியிருக்கிறார்! முதல் தரம் வாசித்தபோது இதில் என்ன முரண் எண்டு யோசித்தேன். பிறகு விளங்கியது, அவருக்கு எழுதுவது எண்டால் பேனையும் மையும். ஊசியால் போடுவது எழுத்து எண்டு யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வேலை செய்த வீடுகள், எசமான் மாடிப்படியில் தள்ளிவிட்டது, தற்கொலை எண்ணம், அதைப் பாவம் எண்டு நினைத்துப் பட்ட பயம், ஒரு வைத்தியரிடம் மனம் திறந்தது எல்லாம் அதில் வருகின்றன. கடைசி வரியில் தன் ஆத்மா என்ன ஆகும் எண்டு கேட்டு, வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது. கீழே மிச்சத் துணி வெறுமையாகக் கிடக்கிறது.

ஒரு எழுத்துக்கு எத்தனை தையல் எண்டு தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என்னுடைய பெரிய ஏ ஒன்றுக்கு 16 பெருக்கல், அதாவது 32 தரம் ஊசி ஏறி இறங்கியது, கால் மணித்தியாலம் போனது. பழகின கைக்கு இதில் ஒரு பங்கு நேரம்தான் எண்டாலும் 46 வரி! கோபத்தில் கடிதம் எழுதிக் கிழித்துப் போடலாம். இப்படித் தைப்பவர் ஒவ்வொரு சொல்லையும் பலமுறை மனதுக்குள் சொல்லாமல் தைக்க முடியாது. இதை வாக்குமூலம் எண்டு சொல்வதா, பிரார்த்தனை எண்டு சொல்வதா எண்டு ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். றொஸிகா பார்க்கர் 1984இல் எழுதிய 'த சப்வேர்சிவ் ஸ்டிச்' புத்தகம் தையலைப் பெண்களின் வரலாற்று மூலமாக வாசித்த முக்கியமான வேலை. பின்வாங்கு நண்பருக்கு இந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கே தெரியாது.

எலிசபெத் சாகவில்லை. அதே கிராமத்தில் ஆசிரியையாகி எழுபது வயது தாண்டி வாழ்ந்தார். இதை அறிந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏதோ தெரிந்த பிள்ளை போல.

எங்கள் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் வாசிப்பு, எழுத்தோடு சேர்ந்துதான் தையல் வந்தது. பிறகு எழுந்த பெண்கள் பாடசாலைகளிலும் தையல் வகுப்பு இருந்தது. அம்மம்மாவின் துணியும் அப்படி ஒரு வகுப்பில் தைத்ததுதான். ஆனால் மாதிரிப் புத்தகங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தமிழ் படித்த பிள்ளை தன் பெயரை ஆங்கிலத்தில் தைத்ததற்கு அதுதான் காரணம். அந்தக் கோழிகூட யாழ்ப்பாணத்துக் கோழி இல்லை, சேட்டைப் பார்த்தாலே தெரியும்.

மாதிரியோடு நூலும் வந்தது. ரின்னில் ஒன்றிரண்டு கட்டில் இன்னும் டி.எம்.சி எண்ட கடதாசிப் பட்டி இருக்கிறது. 1746இல் பிரான்ஸ் எல்லையோர முல்ஹவுஸ் நகரில் தொடங்கி, டொல்ஃபுஸ், மீக் என்ற இரு குடும்பங்களின் பெயரைத் தாங்கிய கொம்பனி. அதற்காகத் தெரேஸ் த டில்மொன்ட் தயாரித்த தையல் கலைக்களஞ்சியம் 1886இல் வெளிவந்து பல மொழிகளுக்குப் போனது. இன்று சுமார் 500 நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். கறுப்பு 310, சிவப்பு 321. பட்டி தொலைந்தால் பிரச்சினைதான். பாதியில் நூல் முடிந்தால் அதே சிவப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

அம்மம்மா இதற்கு வைத்திருந்த வழி எனக்குப் பிடித்தது. பால்மாப் பெட்டி மட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் பல்லு வெட்டி, நூலைச் சுற்றி, மூலையில் பேனையால் இலக்கம். ஆறு இழையில் இரண்டு எடுத்தால் மிஞ்சும் நாலு இழையும் அதே மட்டைக்குத் திரும்பும். ஊசி ஒரு ஃபிளானல் துண்டில். கத்தரிக்கோலை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. நானும் அப்படித்தான் அடுக்கினேன். கண் தெரியாவிட்டாலும் எந்த மட்டை எங்கே எண்டு அவவுக்குத் தெரியும் எண்டபடியால், நான் ஒழுங்கை மாத்தினதுக்கு நல்ல பேச்சு வாங்கினேன்.

இதே கொம்பனியின் நூல்தான் பாலஸ்தீனத்துக்கும் போனது. அங்கே தத்ரீஸ் எண்டு சொல்லும் பூவேலையின் பெரும்பகுதி குறொஸ் ஸ்டிச். 'பெத்லகேமின் நிலா', 'பாஷாவின் கூடாரங்கள்' எண்டு உருக்களுக்குப் பெயர் உண்டு. சட்டையைப் பார்த்தே பெண் எந்தப் பகுதிக்காரி எண்டு சொல்லலாமாம். ஐரோப்பிய நூலோடு வந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து ரோசாவும் பறவையும் அந்தச் சட்டைகளில் ஏறின. அதைக் கலப்படம் எண்டு குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெண்டால் 1948இல் ஊர்களை இழந்து அகதி முகாம்களில் கூடிய பெண்களின் கைகளில் எல்லா ஊர் உருக்களும் கலந்துதான் போயின. 1967க்குப் பிறகு இஸ்ரேலிய ஆக்கிரமிப்பின் கீழ் பாலஸ்தீனக் கொடியைக் காட்டத் தடை. 1987இல் முதலாவது இன்திபாதா தொடங்கியபோது பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் சட்டையில் தைத்து உடுத்தார்கள். கையிலுள்ள கொடியைப் பறிக்கலாம், உடுத்தியிருக்கும் சட்டையைத் தெருவில் வைத்துக் கழற்றச் சொல்வது கஷ்டம். 2021இல் யுனெஸ்கோ தத்ரீஸை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஆம்பிளையளும் தைத்திருக்கிறார்கள். பிரித்தானிய இராணுவ அதிகாரி அலெக்சிஸ் கஸ்டக்லி 1941இல் கிரீட் தீவில் ஜேர்மனியரிடம் பிடிபட்டவர். முகாமில் ஒரு பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்த நூலில் ஒரு சாம்ப்ளர் தைத்தார். பார்க்க அடக்கமான கைவேலை. கரையில் இருந்த புள்ளியும் கோடும் மோர்ஸ் குறியீடு, அதில் அரசரைக் காக்கும்படி ஒரு வேண்டுதலும் ஹிட்லருக்கு ஒரு கெட்ட வார்த்தையும். விளங்காத ஜேர்மன் அதிகாரிகள் அதை முகாம் முகாமாகக் காட்சிக்கு வைத்தார்கள். இந்தக் கதையை அம்மம்மாவுக்குச் சொன்னபோது கெட்ட வார்த்தை என்னவெண்டு கேட்டா. சொன்னேன்.

"நீங்கள் ஏன் உங்கட பேரைத் தமிழில தைக்கேல்லை?" எண்டு அப்போதுதான் கேட்டேன். "புத்தகத்தில தமிழ் இல்லையே பிள்ளை. கட்டத்துக்குள்ள எங்கட எழுத்து வளையாது" எண்டா. உண்மைதான். எல், ரி, எச் எல்லாம் கட்டத்துக்கென்றே செய்தவை மாதிரி. தமிழில் ப, ம, ட மட்டும்தான் நேராக நிற்கும்.

இப்போது கட்டக் கொப்பியில் 'அம்மம்மா' எண்டு கீறிக்கொண்டிருக்கிறேன். ம ஏழு கட்டத்தில் வந்துவிட்டது. அ இன்னும் சரிவரவில்லை. சுழியை உயர்த்தினால் வால் இடிக்குது, வாலை நீட்டினால் வேற எழுத்து மாதிரிக் கிடக்குது. மூன்று தரம் பிரித்தாச்சு. 321 மட்டையில் இன்னும் அரைவாசி நூல் இருக்கிறது.